கூட்டத்திற்கு மனச்சான்று உண்டா?

தனியே நிற்கும்போது நாணித் தலைகுனியும் மனிதன், ஆயிரம் பேருக்கு நடுவில் நிற்கும்போது அந்த நாணத்தை இழந்துவிடுகிறான். இஃது உலகறிந்த செய்தி. தெருச் சண்டையில் காண்கிறோம்; தேர்தல் ஊர்வலத்தில் காண்கிறோம்; கல்லெறியும் கைகளின் நடுவே, நேற்றுவரை நம்மோடு தேநீர் அருந்தியவரின் கையும் இருக்கக் கண்டு திடுக்கிடுகிறோம். ஆனால் இழந்த அந்த நாணத்திற்கு யார் பொறுப்பு? கூட்டம் செய்த பிழைக்குக் கூட்டத்தையே கைகாட்டிவிட்டுத் தனி மனிதன் வீடு திரும்பி, உணவருந்தி, நிம்மதியாக உறங்கிவிடலாமா?

இந்த வினாவை ஆராய நாம் கலவர பூமிக்குச் செல்ல வேண்டியதில்லை. ஒரு விளையாட்டு அரங்கிற்குச் சென்றால் போதும். அதுவும் ஆட்டம் தொடங்கிய பின்னர் அன்று. தொடங்குவதற்கு முந்திய அரைமணி நேரத்தில் அங்கு இருந்தால் போதும். ஆட்டம் தொடங்கிவிட்டால் கூட்டத்தின் கொதிப்புக்குக் காரணங்கள் கிடைத்துவிடுகின்றன. நடுவர் தவறிழைத்தார், எதிரணியினன் காலை வாரினான், கடைசி நிமிடத்தில் வெற்றி கைநழுவியது என்று எதையேனும் சொல்லிக் கொள்ளலாம். ஆட்டத்திற்கு முன்னரோ அப்படி எதுவும் நிகழ்ந்திருப்பதில்லை. பந்து இன்னும் உதைபடவில்லை. அந்த நேரத்தில் கூட்டம் எதைச் செய்கிறதோ, அது வீட்டிலிருந்தே கொண்டுவந்த பொருள்.

நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் ஆட்டம் ரக்பி. நம்மவர்க்கு இது அவ்வளவு பழக்கமில்லாதது. அணிக்குப் பதினைந்து பேர், முட்டை வடிவப் பந்து, அதைக் கையிலேந்தி ஓடுவதும் ஓடுகிறவனைக் கட்டிப் பிடித்து வீழ்த்துவதுமாக 80 நிமிடம். பார்ப்பவர்க்கு மற்போரும் கால்பந்தும் கலந்தது போலத் தோன்றும். ஆயினும் இந்த ஆட்டத்திற்கும் நம் நாட்டிற்கும் ஒரு பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் போட்டியிடும் கோப்பைக்குப் பெயரே கல்கத்தாக் கோப்பை. கல்கத்தாவில் வாழ்ந்த வெள்ளையர் தங்கள் ஆட்டச் சங்கத்தைக் கலைத்தபோது, அதன் கணக்கில் எஞ்சியிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்வித்து 1878-இல் அனுப்பியது அது. கைப்பிடிகள் மூன்றும் நாகப்பாம்பு, மூடியின்மேல் யானை. எந்தெந்த ஏழைகளின் மடியில் முடிந்திருந்த ரூபாய்களோ, இன்று இரு குளிர்நாட்டாரின் பகைமைக்குச் சின்னமாகத் திகழ்கின்றன!

ரக்பி ரசிகர்களுக்குத் தங்கள் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு பெருமிதம் உண்டு. கால்பந்து ஆட்டங்களில் இரு தரப்பு ரசிகர்களையும் தனித்தனியே பிரித்து, நடுவே காவலரை நிறுத்துவார்கள். ரக்பியில் அந்த வழக்கம் இல்லை. எதிரணியின் சட்டையணிந்தவன் பக்கத்து இருக்கையிலேயே அமர்ந்திருப்பான். அயர்லாந்தின் லிமெரிக் நகரிலுள்ள தோமண்ட் பார்க் அரங்கில், பந்தைக் குறிவைத்து உதைக்க ஒருவன் நிற்கும்போது, அவன் எதிரணியினனேயானாலும், அரங்கு முழுவதும் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி நிலவும். திடலுக்குள் முரட்டுத்தனத்தை அனுமதித்துவிடுவதால் திடலுக்கு வெளியே அது தேவைப்படுவதில்லை என்று சிலர் விளக்கம் கூறுவர். விளக்கம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பொய்த்துப்போன ஒரு நாளை நாம் அறிவோம்.

1992-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15. இடம், தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க் நகரிலுள்ள எல்லிஸ் பார்க் அரங்கு. நிறவெறிக் கொள்கையின் காரணமாக உலகம் ஒதுக்கி வைத்திருந்த அந்நாட்டு ரக்பி அணி, ஒதுக்கல் நீங்கிய பின் நியூசிலாந்துடன் மோதும் ஆட்டம். நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து வெளிவந்து இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆட்சி இன்னும் வெள்ளையர் கையிலேயே இருந்தது. ஆட்டத்தை நடத்தவிட ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசு இசைந்தது. அதற்கு விதித்த நிபந்தனைகள் கடினமானவை அல்ல. பழைய நாட்டுப் பண்ணை இசைக்கலாகாது. பழைய கொடியை அதிகாரபூர்வமாக ஏற்றலாகாது. வன்முறைக்கு இரையானோருக்காக ஆட்டத்திற்கு முன் சிறிது நேரம் எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காக்க வேண்டும். அவ்வளவே.

மௌனம் யாருக்காக என்பது அரங்கில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், ஜூன் 17 இரவு, ஜோஹன்னஸ்பர்க்குக்குத் தெற்கே வால் ஆற்றுப் பகுதியிலுள்ள போய்ப்பட்டாங் என்னும் கறுப்பினக் குடியிருப்பில் ஆயுதம் தாங்கிய கும்பல் புகுந்து 40-க்கும் மேற்பட்டோரை வெட்டிச் சாய்த்தது. பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். அரசுடன் நடந்துவந்த பேச்சுவார்த்தையை விட்டே மண்டேலாவின் கட்சி அதனால் வெளியேறியது.

அந்த மௌன நேரத்தில் எல்லிஸ் பார்க்கின் கூட்டம் பாடியது. பெரும்பாலும் வெள்ளையர் நிரம்பியிருந்த அக்கூட்டம் 'டீ ஸ்டெம்' என்னும் பழைய நாட்டுப் பண்ணை ஓங்கிய குரலில் பாடியது. பழைய கொடிகள் எங்கும் அசைந்தன. அதன்பின் ஒலிபெருக்கியிலும் அப்பண் முழங்கிற்று. அரங்கை நிர்வகித்த ரக்பித் தலைவரே அதற்கு வழி செய்தார். ஆட்டத்தில் நியூசிலாந்து 27-24 என்று வென்றது. அந்த எண்ணிக்கை இன்று பலருக்கு நினைவில்லை. பாட்டு நினைவிலிருக்கிறது.

சற்றே எண்ணிப் பார்ப்போம். அங்குப் பாடியவருள் எத்தனை பேர், தம் தெருவில் ஒரு சாவு வீட்டைக் கடக்கும்போது பாடியிருப்பார்கள்? ஒருவரும் இரார். தொப்பியைக் கழற்றி, குரலைத் தாழ்த்தி, குழந்தையை அதட்டி அடக்கியிருப்பார்கள். அவர்கள் ஞாயிறு தவறாமல் தேவாலயம் செல்லும் மக்கள், விருந்தோம்பலில் குறைவற்றவர்கள். அத்தகையோர் ஐம்பதினாயிரம், அறுபதினாயிரம் பேராகச் சேர்ந்தபோது இறந்தோர்மேல் பாட்டை எறிந்தார்கள்.

பிரெஞ்சு அறிஞர் குஸ்தாவ் லெ போன் 1895-இல் கூட்டத்தின் உளவியல் பற்றி ஒரு நூல் எழுதினார். கூட்டத்தில் கலந்த கணமே மனிதன் தன் அறிவை இழந்து நாகரிகப் படியில் பல படிகள் கீழே இறங்கிவிடுகிறான் என்பது அவர் துணிபு. கூட்டம் என்பது மதம் பிடித்த யானை. அதற்கு அங்குசம் ஏந்திய தலைவன் வேண்டும். சர்வாதிகாரிகள் இந்நூலை விரும்பிப் படித்ததில் வியப்பில்லை. ஆனால் எல்லிஸ் பார்க்கில் நடந்ததை இக்கொள்கை விளக்குகிறதா? இல்லை என்பதே நம் கருத்து. அறிவிழந்த கூட்டம் வாய்க்கு வந்ததைக் கத்தியிருக்கும். இந்தக் கூட்டமோ சரியான நேரத்தில், சரியான பாட்டை, சொல் பிறழாமல் பாடியது. எதைச் செய்தால் யாருக்கு வலிக்கும் என்பது தெரிந்தே செய்தது. எனவே, கூட்டத்தில் அவர்கள் அறிவை இழக்கவில்லை. வெளியே சொல்ல அஞ்சிய ஒன்றைச் சொல்லத் துணிவு பெற்றார்கள். என் குரல் தனியே கேட்காது என்னும் உறுதிதான் கூட்டம் ஒவ்வொருவனுக்கும் அளிக்கும் கொடை.

இதில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. அதே ஆண்டு மார்ச் 17 அன்று, வெள்ளையர் மட்டும் வாக்களித்த பொது வாக்கெடுப்பு ஒன்று நடந்தது. நிறவெறி ஆட்சியை முடித்துக்கொள்ளும் பேச்சைத் தொடரலாமா என்பதே கேள்வி. நூற்றுக்கு 68 பேருக்கு மேல் 'ஆம்' என்றனர். மறைவிடத்தில் தனியே நின்று வாக்குச் சீட்டில் குறியிட்ட கை மாற்றத்தை ஏற்றது. ஐந்து மாதம் கழித்து, அரங்கில் திரளாக எழுந்த குரல் மாற்றத்தை மறுத்தது. வாக்களித்தோர் அனைவரும் அரங்கில் இருந்தவரல்லர் என்பது உண்மையே. எனினும் பெரும்பாலும் ஒரே மக்கள்தாம். எது அவர்களின் உண்மை உள்ளம்? தனிமையில் இட்ட குறியா, கூட்டத்தில் பாடிய பாட்டா?

எளிய விடை சொல்லிவிடலாம்: தனிமையில் நல்லவன், கூட்டத்தில் தீயவன் என்று. அதை நம்மால் ஏற்க முடியவில்லை. வாக்குச் சாவடியிலும் தன்னலம் இருந்தது. 'இல்லை' என்று வாக்களித்தால் மறுபடியும் உலகம் ஒதுக்கும். ஆட்டங்களும் வணிகமும் கெடும் என்னும் கணக்கு இருந்தது. அறிவு கணக்குப் போட்டு விட்டுக்கொடுத்ததை நெஞ்சு விட்டுக்கொடுக்கவில்லை. கணக்குக்கும் நெஞ்சுக்கும் இடையிலுள்ள அந்தத் தொலைவுதான் எல்லிஸ் பார்க்கில் பாட்டாக ஒலித்தது. இருவரும் ஒரே மனிதரே. ஆகவே இருவர்க்கும் பொறுப்பு ஒன்றே.

கூட்டு உணர்வைப் பற்றி எண்ணியவருள் லெ போனைக் காட்டிலும் நமக்கு நெருக்கமானவர் இப்னு கல்தூன். தூனிஸ் நகரில் 1332-இல் பிறந்து 1406-இல் கெய்ரோவில் மறைந்த அப்பேரறிஞர், மக்களை ஒரு குலமாகப் பிணைக்கும் உணர்ச்சிக்கு 'அஸபிய்யா' என்று பெயரிட்டு, அரசுகள் எழுவதும் வீழ்வதும் அதன் வலிமையையும் மெலிவையும் பொறுத்தவை என்று காட்டினார். அவர் அதனைப் பழிக்கவில்லை. அஃதின்றி எந்தச் சமுதாயமும் எழுந்து நில்லாது என்று கண்டார். ஆயினும் அதே சொல் நபிமொழித் தொகுப்புகளில் கண்டனத்துடன் ஆளப்படுவதை அன்பர்கள் அறிவர். தன் மக்களை நேசிப்பது அஸபிய்யா ஆகுமா என்று வினவப்பட்டபோது, ஆகாது, அநீதியில் தன் மக்களுக்குத் துணை போவதே அஸபிய்யா என்னும் கருத்தில் விடை தரப்பட்டதாக அறிவிப்பு உண்டு. இந்த வேறுபாடு மெல்லியது, ஆனால் கூரியது. தன் அணி வெல்ல வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்துவதில் பிழை என்ன? ஒன்றுமில்லை. பிழை எந்த இடத்தில் பிறக்கிறது என்பதே கேள்வி. எல்லிஸ் பார்க்கில் அஃது எளிதில் தெரிகிறது. அங்கே பாட்டு நியூசிலாந்துக்கு எதிராகப் பாடப்படவில்லை. திடலில் இல்லாத, அரங்கிற்குள் இடமும் இல்லாத, மண்ணுக்குள் இருந்த மக்களுக்கு எதிராகப் பாடப்பட்டது.

இனி, பலரும் அறிந்த இரண்டாவது காட்சி. 1995 ஜூன் 24, அதே எல்லிஸ் பார்க், மீண்டும் அதே நியூசிலாந்து, உலகக் கோப்பை இறுதியாட்டம். இப்போது மண்டேலா குடியரசுத் தலைவர். ஆட்டம் தொடங்கும் முன், தென்னாப்பிரிக்க அணியின் பச்சைச் சட்டையை, அணித் தலைவர் பியெனாரின் 6-ஆம் எண் பொறித்ததை, அணிந்து திடலுக்குள் வந்தார். கறுப்பின மக்களுக்கு அச்சட்டை நெடுங்காலம் ஆண்டையின் சவுக்கைப் போன்றது. கணநேரத் தயக்கத்துக்குப் பின், பெரிதும் வெள்ளையரான அக்கூட்டம் 'நெல்சன்! நெல்சன்!' என்று ஆர்ப்பரித்தது. தென்னாப்பிரிக்கா கூடுதல் நேரத்தில் 15-12 என்று வென்றது. பின்னர் நூல் வந்தது. 2009-இல் திரைப்படமும் வந்தது.

இக்காட்சியைக் கண்டு கண் கலங்காதவர் அரியர். நாமும் கலங்கினோம். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்க வேண்டியதும் உண்டு. யானையை அங்குசத்தால் திருப்பிய மாவுத்தனாக மண்டேலாவைக் காட்டினால் லெ போன் மகிழ்வார், உண்மை மகிழாது. அந்த ஐந்து நிமிடத்திற்குப் பின்னால் பல்லாண்டு உழைப்பு இருந்தது. சிறையிலேயே அவர் காவலர்களின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியைக் கற்றார். ஸ்பிரிங்போக் மான் சின்னத்தை ஒழித்துவிட வேண்டும் என்று நின்ற தம் சொந்தத் தோழர்களோடு வாதாடி அதைக் காத்தார். 'டீ ஸ்டெம்' பண்ணையும் தடை செய்யவிடாமல், கறுப்பின மக்களின் 'நிகோசி சிகெலெல் இயாஃப்ரிகா' பண்ணோடு இணையாக வைத்தார். இறுதியாட்டத்தன்று இரண்டும் ஒலித்தன. ஆட்டக்காரர்கள் தமக்குப் பழக்கமில்லாத ஒரு மொழியின் பாட்டை உருப்போட்டுக் கற்றார்கள். கூட்டத்தின் மனச்சான்று அரங்கில் திடீரென முளைக்கவில்லை. சிலர் முன்னரே, தனித்தனியே, தத்தம் மக்களின் முணுமுணுப்பைத் தாங்கிக்கொண்டு அதற்கு நீர் வார்த்தார்கள்.

அதில் விலை கொடுத்தது யார் என்பதும் கேட்கத்தக்கதே. சட்டை அணிந்தவர் 27 ஆண்டு சிறையிலிருந்தவர். ஆர்ப்பரித்தவர்கள் அன்று இழந்தது என்ன? ஒரு குரல். அக்குரல் மதிப்பற்றது என்று சொல்லோம். 1992-இல் அதுகூடக் கிடைக்கவில்லை அல்லவா? ஆயினும் மன்னிப்பவன் செலவில் நடக்கும் விருந்தில், மன்னிக்கப்பட்டவன் கைதட்டியதையே பெருஞ்செயலாக உலகம் போற்றும்போது நம் நெஞ்சு சற்றே உறுத்துகிறது.

உறுத்தல் நம் நெஞ்சில் மட்டும் இல்லை. கேப் டவுன் நகரில், அரசால் 'கலப்பினத்தார்' என்று முத்திரையிடப்பட்டு ஒதுக்கப்பட்ட மக்களிடையே ரக்பி தலைமுறை தலைமுறையாக வேரூன்றிய ஆட்டம். அவருள் முஸ்லிம்கள் பெருந்தொகையினர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொந்தச் சங்கங்கள் கண்டு ஆடியவர்கள். நிறவெறிக் காலத்தில் இவர்கள் அரங்குகளில் தனித் தொழுவம் போன்ற பகுதிகளில் அடைக்கப்பட்டார்கள். அங்கிருந்து அவர்கள் ஸ்பிரிங்போக் அணியைக் கடிந்து, வந்த விருந்தாளி அணிக்கே குரல் கொடுத்தார்கள், குறிப்பாக நியூசிலாந்துக்கு. அந்நகரைச் சேர்ந்த ஹசன் ஹோவா என்னும் விளையாட்டுத் தலைவர், முறைகெட்ட சமுதாயத்தில் முறையான விளையாட்டு இராது என்னும் கொள்கையை இயக்கமாகவே நடத்தினார். நிறவெறி ஒழிந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னும், கேப் டவுனில் நியூசிலாந்து ஆடும்போது கறுப்புச் சட்டை அணிந்து அதற்கே குரல் கொடுக்கும் உள்ளூர் ரசிகர் கூட்டம் மறையவில்லை. தந்தையின் கோபம் மகனுக்குப் பழக்கமாகி வந்திருக்கிறது.

இவர்களைத் துரோகிகள் என்பாரும் உளர். அப்படிச் சொல்வதற்கு முன் ஒன்றை எண்ண வேண்டும். 1990 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசியல்வாதி நார்மன் டெபிட், அந்நாட்டில் குடியேறிய ஆசிய மக்கள் கிரிக்கெட்டில் எந்த அணிக்குக் குரல் கொடுக்கிறார்கள் என்பதைக் கொண்டு அவர்களின் பற்றை அளக்கலாம் என்றார். உலகெங்கும் அது 'கிரிக்கெட் சோதனை' என்று பேர்பெற்றது. நம் துணைக்கண்டத்து முஸ்லிம்கள் இச்சோதனையை டெபிட்டுக்கு முன்பிருந்தே அறிவார்கள். பெயர் மட்டுந்தான் இல்லாதிருந்தது. எவனுடைய கைதட்டலை மற்றவர் ஓரக்கண்ணால் எண்ணிப் பார்க்கிறார்களோ, அவனுக்கு ஆட்டம் விளையாட்டாகவே இருப்பதில்லை. பற்றைக் கட்டளையிட்டுப் பெற முடியாது. கேப் டவுன் மக்களிடமும் முடியாது. ஒரு நாடு தன் மக்களின் கைதட்டலைச் சம்பாதிக்க வேண்டுமேயன்றித் தண்டல் செய்யலாகாது. 1999 ஜனவரி 31 அன்று சென்னைச் சேப்பாக்கத்தில் இந்தியாவை 12 ஓட்டங்களில் வென்ற பாகிஸ்தான் அணிக்கு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியதே, அந்த ஒரு பகலில் அச்சோதனை செல்லாக் காசாயிற்று.

எதிரணிக்கு மரியாதை, மௌனத்துக்கு மதிப்பு என்று இதுவரை சொல்லி வந்தோம். அப்படியானால் ஆட்டத்திற்கு முன் அமைதி காப்பதே எப்போதும் அறமா? இங்குதான் 1981-ஆம் ஆண்டு நம்மை மறிக்கிறது.

நியூசிலாந்து தன் அணியில் உள்ள மவோரி இன வீரர்களை, தென்னாப்பிரிக்க வெள்ளையர் மனம் கோணாதிருக்க, 1928, 1949, 1960 பயணங்களில் வீட்டிலேயே விட்டுச் சென்ற நாடு. 1970-இல் அவர்களை அழைத்துச் சென்றபோது 'கௌரவ வெள்ளையர்' என்னும் விசித்திரப் பட்டத்தின் கீழ் அவர்கள் ஏற்கப்பட்டனர்! 1981-இல் தென்னாப்பிரிக்க அணி நியூசிலாந்துக்கு வந்தது. ஜூலை 25 அன்று ஹாமில்டன் நகரில், வட்டார அணியுடன் மோதவிருந்த ஆட்டத்திற்கு முன், சில நூறு எதிர்ப்பாளர்கள் வேலியைப் பிய்த்துத் திடலுக்குள் புகுந்து நடுவில் கைகோத்து நின்றார்கள். ஆட்டம் கைவிடப்பட்டது. அதுவரை ஒழுக்கத்துக்குப் பேர்போன ரக்பிக் கூட்டம் அவர்கள்மேல் பாட்டில்களை எறிந்தது. வெளியேறியவர்களைத் துரத்தித் தாக்கியது. ராபன் தீவுச் சிறையில் இச்செய்தி கேட்டபோது சூரியன் வெளிவந்தது போலிருந்தது என்று மண்டேலா பிற்காலத்தில் கூறியதாகச் சொல்வர்.

இங்கே விருந்தாளிக்கு மரியாதை தந்தவன் யார், தவறியவன் யார்? அமைதியாக இருக்கையில் அமர்ந்திருந்தவன் சட்டத்தை மீறவில்லை; சீட்டுக்குப் பணம் கொடுத்தவன்; ஆட்டம் பார்க்க வந்தவன். வேலியைப் பிய்த்தவன் சட்டத்தை மீறினான். பலரின் ஒரு நாள் மகிழ்ச்சியைக் கெடுத்தான். ஆயினும் நாம் வேலியைப் பிய்த்தவன் பக்கமே நிற்கிறோம். கறுப்பினத்தவனை ஆளாக மதியாத ஓர் அரசின் தூதாக அவ்வணி வந்தது. அதற்கு விரிக்கும் கம்பளம் யார் முதுகின்மேல் விரிக்கப்படுகிறது என்பதைக் கேட்காதவனின் மரியாதை வெறும் நடையுடை பாவனைதான். 1992-இல் மௌனத்தைக் கலைத்தவனும் 1981-இல் ஆட்டத்தைக் கலைத்தவனும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. இருவரும் ஒழுங்கைக் குலைத்தவர்கள். ஆனால் ஒருவன் முகமற்ற ஆயிரத்தில் மறைந்துகொண்டு, வலியவரின் பாட்டை எளியவரின் சாவின்மேல் பாடினான். மற்றவன் தன் முகம் தெரிய, அடி விழும் என்று அறிந்து, தனக்கு உறவில்லாத மக்களுக்காகத் திடலின் நடுவில் நின்றான். கூட்டத்தில் ஒருவன் செய்யும் செயலை எடைபோட இதைவிட நல்ல தராசு நமக்குத் தோன்றவில்லை: அதைத் தனியாக, பெயர் சொல்லி, எதிரே நிற்பவனின் கண்ணைப் பார்த்துச் செய்வானா?

அத்தராசில் வைத்துப் பார்க்க இன்னொரு கூட்டம் அயர்லாந்தில் உண்டு. டப்ளின் நகரத்துக் குரோக் பார்க் அரங்கு அயர்லாந்தாரின் மரபு ஆட்டங்களுக்கே உரியது. 1920 நவம்பர் 21 காலையில் விடுதலைப் படையினர் பிரிட்டிஷ் உளவாளிகள் பலரைக் கொன்றனர். பிற்பகலில் பிரிட்டிஷ் படையினர் குரோக் பார்க்கில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தின்மேல் சுட்டனர். 14 பேர் மாண்டனர். அவருள் ஒருவர் ஆடிக்கொண்டிருந்த மைக்கேல் ஹோகன். அரங்கின் ஒரு பெரும் பகுதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அயல்நாட்டு ஆட்டங்களுக்கு அங்கே நெடுங்காலம் இடமில்லை. ரக்பி அரங்கைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோது, 2005-இல் கடும் விவாதத்திற்குப் பின் விதி தளர்த்தப்பட்டது. 2007 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்து அணி அங்கே ஆட வந்தது.

இங்கிலாந்து வந்தால் இங்கிலாந்தின் நாட்டுப் பண்ணும் வரும். ஹோகன் வீழ்ந்த மண்ணில் 'அரசியைக் காப்பாயாக' என்று பாடுவதா? நாட்கணக்கில் நாடு முழுதும் இதே பேச்சு. சிறு குழுவினர் வெளியே நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர். அயல் ஆட்டங்கள் வேண்டா என்னும் பலகையை ஏந்திய ஒருவர், ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கம் ஒன்றின் சட்டையை அணிந்திருந்த படம் அப்போது பரவலாக வெளிவந்து பலரைச் சிரிக்க வைத்தது. அரங்கிற்குள் 80,000-க்கும் மேற்பட்டோர். இங்கிலாந்துப் பண் தொடங்கியது. ஒருவரும் கூச்சலிடவில்லை. முடிந்ததும் கைதட்டினார்கள். பின்னர் தங்கள் பண்ணைப் பாடியபோது அந்த முழக்கத்தில் ஆட்டக்காரர் சிலரே கண்ணீர் வடித்தனர். அயர்லாந்து 43-13 என்று வென்றது.

அவர்கள் மறந்துவிட்டதால் அமைதி காத்தார்களா? இல்லை. மறந்தவன் அமைதி காப்பதில் சிறப்பில்லை. நினைவு நெஞ்சில் எரிந்துகொண்டிருக்கையில், பாட்டைப் பாடுகிறவன் சுட்டவனல்லன் என்னும் வேறுபாட்டையும் அவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். மேலும் அவர்களுக்கு ஒரு பழைய கடனும் இருந்தது. 1972-இல், வட அயர்லாந்துப் படுகொலையும் டப்ளினில் பிரிட்டிஷ் தூதரக எரிப்பும் நிகழ்ந்த வேளையில், ஸ்காட்லாந்தும் வேல்சும் டப்ளின் வர அஞ்சின. மறு ஆண்டு இங்கிலாந்து வந்தது, தோற்றது. ஆட்டத்திற்கு முன் அவ்வணியினர் திடலில் கால் வைத்தபோது டப்ளின் கூட்டம் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. அன்றிரவு விருந்தில் அணித் தலைவர் ஜான் புல்லின், தாங்கள் திறமையற்றவர்களாக இருக்கலாம், ஆனால் வரவேண்டிய இடத்திற்கு வந்துவிடுகிறோம் என்று பேசியது இன்றும் அங்கே நினைவுகூரப்படுகிறது. கூட்டத்திற்கும் நினைவாற்றல் உண்டு. அது பகையை மட்டுமே நினைவில் கொள்ளும் என்பது நாமாகக் கட்டிய கதை.

தென்னாப்பிரிக்காவில் 1997-இல் இரு பண்களையும் ஒன்றாக இணைத்து, ஐந்து மொழிகளில் ஒரே நாட்டுப் பண்ணாக ஆக்கினார்கள். அதன் பின்பகுதியில் 'டீ ஸ்டெம்' வரிகள் இன்றும் இருக்கின்றன. 2019-லும் 2023-லும் உலகக் கோப்பை வென்ற அணியின் தலைவர் சியா கொலிசி கறுப்பினத்தவர். 1991 ஜூன் 16 அன்று பிறந்தவர். எல்லிஸ் பார்க்கில் அந்த மௌனம் கலைக்கப்பட்ட நாளில் அவருக்கு வயது பதினான்கு மாதம். ஒவ்வோர் ஆட்டத்திற்கு முன்பும் தோழர்களின் தோளில் கைபோட்டு நின்று அவர் அந்த வரிகளையும் சேர்த்தே பாடினார். போய்ப்பட்டாங்கில் மாண்டவருக்கு அன்று தரப்படாத மௌனத்தை அந்த அரங்கம் அதன்பின் என்றேனும் திருப்பிச் செலுத்தியதா என்று, அந்த வரிகள் ஒலிக்கும்போதெல்லாம் நாம் கேட்டுக்கொள்கிறோம்.